நாலு பேர் படம்

முத்துப்பேச்சிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே சண்முகத்தாய் பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். தெருவில் ஆளுக்கொரு பேச்சு. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்த மகளை மஞ்சள்காமாலைக்குக் கொடுத்தவள், ஒரு மாசமாவது மூலையில் கிடக்க வேண்டாமா என்றார்கள். அவளுக்கும் கிடக்கத்தான் ஆசை. மல்லாந்து படுத்தால் ஓடு தெரிந்தது. புரண்டு படுத்தால் சுவர் தெரிந்தது. அழுகை மட்டும் வரவில்லை. அழுகை வராமல் படுத்துக் கிடப்பதற்கு நின்றுகொண்டு வேலை பார்ப்பது தேவலை என்று எழுந்து போய்விட்டாள்.

கம்பெனி ராஜபாளையத்தில் சத்திரப்பட்டி ரோட்டில் இருந்தது. தறியிலிருந்து வரும் சல்லாத்துணியை வெளுத்து, பின்னால் இருக்கிற பொட்டலில் கயிறு கட்டிக் காயப்போடுவார்கள். காய்ந்த துணி நீள மேசைக்கு வரும். மேசைக்கு இந்தப் பக்கம் ஏழெட்டுப் பெண்கள், அந்தப் பக்கம் ஏழெட்டுப் பெண்கள். மடிக்கிறவள் மடிக்க, வெட்டுகிறவள் வெட்ட, சுருட்டுகிறவள் சுருட்டிக்கொண்டே இருப்பாள். பஞ்சுத் தூசி புருவத்திலும் மூக்கு நுனியிலும் வெள்ளையாகப் படிந்துவிடும். ஐப்பசி அடைமழைக் காலம் அது. மேற்கே மலை கறுத்தால் போதும், எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பொட்டலுக்கு ஓடித் துணியை அள்ளிக்கொண்டு வர வேண்டும். முன்னெல்லாம் அந்த ஓட்டத்தில் ஒரே சிரிப்பாக இருக்கும். சண்முகத்தாய் இப்போதும் ஓடினாள். எல்லோரும் கூரைக்குள் வந்த பிறகும் மழைக்குள்ளேயே நின்று வெறும் கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசை வெள்ளத்தாய் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"மதினி, ஒரு வாய் சாப்பிடுங்க. கருவாட்டுக் கொழம்பு. நேத்து ராத்திரி வச்சது, இப்பத்தான் ருசி கூடிக் கெடக்கு."

"சாப்பிட்டேன் வெள்ளத்தாயி."

"எங்க சாப்பிட்டீக? தூக்குச்சட்டிய நீங்க தொறக்கவே இல்லையே."

சண்முகத்தாய் தூக்குச்சட்டியைப் பார்த்தாள். மூடி மூடினபடியேதான் இருந்தது.

"அப்பப் பொறவு சாப்பிடுதேன்."

"ஒரு தரம் வாய்விட்டு அழுதுருங்க மதினி. உள்ளயே வச்சுக்கிட்டு இருந்தா ஒடம்பு தாங்காது."

"நானா வேண்டாங்கேன்? வரமாட்டேங்கு. என்ன செய்யச் சொல்லுத?"

வெள்ளத்தாய் தன் குழம்புச் சட்டிக்குள் கையை விட்டாள். ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து அவள் சட்டி மூடிமேல் வைத்துவிட்டுப் போனாள்.

வேலை விட்டதும் மற்றவர்கள் வீட்டைப் பார்க்கப் போவார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் சண்முகத்தாய் வீட்டுக்குப் போகாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள். யாரிடமும் சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாற்போல பஞ்சு மூட்டை அடுக்குகிற ஒரு பழைய கிட்டங்கி. அதன் நீளச் சுவர் முழுக்க ஒரு படம். அதற்கு எதிரே டீக்கடை ஓரத்தில் கிடக்கிற கல்லில் உட்கார்ந்துகொள்வாள். இருட்டுகிற வரைக்கும் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவாள்.

படத்தில் நாலு பேர். மீசை வைத்த அப்பா, கட்டம் போட்ட சேலையில் அம்மா, பையைத் தோளில் மாட்டிய பையன், அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு ரெட்டைச்சடையில் ஒரு சின்னப் பிள்ளை. நாலு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கீழே 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று எழுதியிருக்கும். அதை வரைந்தது சண்முகத்தாயின் புருஷன் பால்ச்சாமி.

பால்ச்சாமி அந்தக் காலத்தில் ராஜபாளையத்தில் போர்டு எழுதிக்கொண்டிருந்தார். ஜவுளிக்கடை, மில் வாசல், லாரி முதுகு, எல்லாம் அவர் கைதான். எழுபத்தி நாலில், எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக்கும் பார்த்ததும் விளங்குகிற மாதிரி ஒரு குடும்பப் படம் வேண்டும் என்று அரசாங்கத்தில் போட்டி வைத்தார்கள். இவரும் ஒன்றை வரைந்து அனுப்பினார். அது மதுரைக்குப் போயிற்று, மெட்ராசுக்குப் போயிற்று, அங்கிருந்து டில்லிக்கும் போயிற்று. பிறகு அந்தப் படம் போகாத ஊரில்லை. ஆஸ்பத்திரிக் கதவு, பஸ்ஸின் முதுகு, தகரப் பலகை, தீப்பெட்டி, எங்கே பார்த்தாலும் அந்த நாலு பேர்தான். சுகாதாரத் துறையிலேயே இவருக்கு ஓவியர் வேலையும் போட்டுக் கொடுத்தார்கள். பட்டாளத்தில் சேர்ந்த மகன் ஐயாதுரை முதல் லீவில் வந்தபோது, "யம்மா, அங்க பனி பெய்யுற ஊருல ஒரு ஆஸ்பத்திரிச் செவுத்துல நாம நாலு பேரும் நிக்கோம். கீழ எழுத்துதான் வேற எழுத்து" என்றான். தெருவில் அவர்கள் வீட்டுக்குப் 'படத்து வீடு' என்றே பேர் விழுந்துவிட்டது. முத்துப்பேச்சி பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது, கூடப் படிக்கிற பிள்ளைகள் செவுத்துப்பிள்ளை செவுத்துப்பிள்ளை என்று கேலி பண்ணி, அவள் அழுதுகொண்டு வருவாள். வளர்ந்த பிறகு அவளே ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போதெல்லாம் அந்தச் சுவர்ப் பக்கம் போய், "ஏட்டி, நான் இம்புட்டு வளந்துட்டேன். நீ வளரவே மாட்டியா?" என்று கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவாள்.

அந்தக் கன்னத்தைத்தான் சண்முகத்தாய் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் வெளியான அந்த வருஷம் நடந்த ஒன்றை வீட்டில் யாரும் பேசுவதில்லை. அப்போது சண்முகத்தாய்க்கு மூன்றாவது உண்டாகியிருந்தது. மூணு மாசம். ஆபீசுக்கு வந்த பெரிய அதிகாரி ஒருவர் விளையாட்டாகச் சொன்னார்: "படம் போட்டவன் வீட்டிலயே மூணாய்யா? அப்புறம் ஊரு எப்படி நம்பும்?" பால்ச்சாமி அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். என்னவென்று கேட்டதற்கு, அதிகாரி சொன்னதைச் சொன்னார். சண்முகத்தாய் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டபடியே, "சரி" என்றாள். ஆஸ்பத்திரியில் கலைப்பும் கருத்தடை ஆபரேஷனும் ஒரே தடவையில் முடிந்தது. அன்றைக்கும் தான் அழவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

கார்த்திகை பிறந்து மழை விட்டிருந்த ஒரு காலையில் சுந்தரபாண்டியன் வீட்டுக்கு வந்தார். பால்ச்சாமியின் ஆபீசில் மேலதிகாரியாக இருக்கிறவர்; வயதில் சின்னவர், அதனால் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். மகள் போனதிலிருந்து பால்ச்சாமி லீவில் இருந்தார். லீவு என்றால், நார்க்கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருப்பது. வந்தவருக்காக எழுந்து உட்கார்ந்தார். சண்முகத்தாய் கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தாள். அதில் கருப்பட்டி போட மறந்திருந்தாள். சுந்தரபாண்டியன் அதை அப்படியே குடித்தார்.

"அண்ணாச்சி, இந்த நேரத்துல வந்து சொல்லுறதுக்கு எனக்கே சங்கட்டமா இருக்கு. ஆனா வேற ஆளு இல்ல. இனிமே ரெண்டு கெடையாதாம். நாம் இருவர், நமக்கு ஒருவர். மேல இருந்து உத்தரவு. தை மாசம் பெரிய ஆட்களெல்லாம் வாராக. வில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு செவுத்தை மொதல்ல மாத்தணும். நீங்க போட்ட படம், நீங்களே மாத்துனாத்தான் மருவாதை."

பால்ச்சாமி, "எப்படி மாத்த?" என்றார்.

"மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். ரெண்டு பிள்ளையில ஒண்ண மட்டும் எடுத்துரணும். பையனை எடுத்துட்டுப் பொம்பளப்பிள்ளைய வச்சிருவோம். இப்பப் பொம்பளப்பிள்ளைக்குத்தான் அரசாங்கத்துல..." சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். யார் வீட்டில் உட்கார்ந்து என்ன சொல்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

சண்முகத்தாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பையனை எடுக்கச் சொல்லுதீகளா தம்பி? அவன் பட்டாளத்துல இருக்கான்" என்றாள்.

"ஐயோ அக்கா, நான் அப்படி நெனச்சுச் சொல்லல."

"தெரியுது. அந்தப் பிள்ளையவே எடுத்துருங்க. இல்லாததைத்தானே எடுக்கணும்."

சத்தம் உயராமல், கடையில் சாமான் சொல்கிற மாதிரி அவள் அதைச் சொன்னாள். சுந்தரபாண்டியன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் வாரேன் அண்ணாச்சி" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த வாரமே பால்ச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக ஆரம்பித்தார். காலையில் போவார், பொழுது சாயத் திரும்புவார். அந்த வாரம் அவள் அந்தப் பக்கம் போகவில்லை; எதை எடுத்தீர்கள் என்று கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. சண்முகத்தாய் சோறு பொங்கி, பருப்புத் துவையல் அரைத்து, தூக்குச்சட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

சுவருக்கு முன்னால் சவுக்குக் கம்பில் சாரம் கட்டியிருந்தது. கீழே சுண்ணாம்பு வாளி, பெயிண்டு டப்பாக்கள், பிரஷ் ஊறப்போட்ட மண்ணெண்ணெய்த் தகரம். எழுத்தை மாற்றியாகிவிட்டது, 'ஒருவர்' புதுசாகப் பளபளவென்று இருந்தது. ஆனால் மேலே நாலு பேரும் நின்றபடியே நின்றார்கள். பால்ச்சாமி சாரத்துக்கு அடியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார்.

அவள் சோற்றை எடுத்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"எதை எடுக்கப் போறீக?"

"தெரியல."

"ரெண்டையும் விட்ருங்க. கை நடுங்குது, வேலை ஓடமாட்டேங்குன்னு சொல்லிருங்க."

"நான் செய்யலேன்னா நாளைக்கே வேற ஆள விடுவாக."

"அப்பக் கொஞ்ச நாள் தள்ளியாவது போடுங்க. நான் வாரத்துக்கு ரெண்டு மூணு தரம் இங்கதான் வாரேன். அந்தா, அந்தக் கல்லுலதான் இருப்பேன். அந்த மூஞ்சியப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வாரேன். அதுவும் இல்லேன்னா எங்க போயி நான் அவளப் பாக்க?"

பால்ச்சாமி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு அவள் காட்டிய கல்லைப் பார்த்தார்.

"நீ இங்கயா வார?"

"ஆமா."

"இந்தப் படத்தப் பாக்கவா?"

"வேற எதைப் பாக்க?"

அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "சம்முவம்" என்று கூப்பிட்டவர், துண்டை மடியில் போட்டுவிட்டு, மறுபடியும், "சம்முவம், அது நம்ம பிள்ளை இல்ல" என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை.

"அப்ப நம்ம பிள்ளைக ரெண்டும் நோஞ்சானா இருந்துச்சுக. முத்துக்கு அப்பத்தான் அம்மை போட்டு எறங்கியிருந்துச்சு. நான் மொதல்ல அதுகளத்தான் வரைஞ்சேன். சத்தியமா வரைஞ்சேன். போட்டி நடத்துன ஆபீசுல பாத்துட்டு, என்னய்யா இது, பஞ்சத்துல அடிபட்ட பிள்ளைக மாதிரி இருக்கு, நல்லாக் கொழுகொழுன்னு செவப்பாப் போடுன்னுட்டாக. பால்பவுடர் டப்பாவுல ஒரு பிள்ளை இருக்கும்லா? அதைப் பாத்துத்தான் அவ மொகத்தப் போட்டேன். பையன் ஒரு பிஸ்கட் டப்பாவுல இருந்து."

"நானு?"

"ஜவுளிக்கடைக் காலண்டருல ஒரு பொம்பள. சேலை மட்டும் ஒன் சேலை."

டீக்கடைக்காரர் பாய்லரில் தண்ணீர் ஊற்றினார். ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

"ஊர்ல எல்லாரும் நாமதான்னு சொன்னாக. நீயும் சந்தோசப்பட்ட. பிள்ளைகளும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாக. பொறவு எப்படி நான் இல்லேம்பேன்?"

சண்முகத்தாய் சுவரைப் பார்த்தாள். அதே கன்னம், அதே ரெட்டைச்சடை, அதே சிரிப்பு. இத்தனை நாள் உட்கார்ந்து பார்த்தது யாரோ பெற்ற ஒரு பிள்ளையை. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மரத்துப்போன காலைத் தட்டிப் பார்க்கிறது போல மனசைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"படத்துல இருக்கது நாம இல்லேல்ல?"

"இல்ல."

"பொறவு எதுக்கு அந்த மூணாவதைக் கலைச்சோம்?"

பதினேழு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தது அன்றுதான். அவர் சோற்றுச் சட்டியைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் பச்சைப் பெயிண்டு.

அவள்தான் முதலில் எழுந்தாள். "ரெண்டையும் அழிங்க" என்றாள்.

"என்னது?"

"யாரோ பெத்த பிள்ளைக. அழிங்க. இந்தத் தடவையாவது நம்ம பிள்ளையப் போடுங்க."

அவர் சுண்ணாம்புப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினார். முதலில் பையன் போனான். ஐயாதுரைக்கு ஆகாதே என்ற பயம் இப்போது அவளுக்கு இல்லை. பிறகு ரெட்டைச்சடை போயிற்று. அப்பாவின் விரல் மட்டும் எதையும் பிடிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு காய்கிறவரை இருவரும் ஒரே சட்டியில் கொஞ்சம் சோறு சாப்பிட்டார்கள். துவையலில் உப்பு அதிகம் என்று அவர் சொன்னார். அவளுக்குத் தெரியவில்லை.

காய்ந்ததும் கரியை எடுத்துக்கொண்டு ஏறியவர், சுவருக்கு முன் அப்படியே நின்றார். "எனக்கு நாலு வயசு மொகம் வரமாட்டேங்கு. நீ சொல்லு. எப்படி இருந்தா?"

அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மஞ்சள் பூத்துக் கிடந்த கண்கள்தான் வந்தன. "எனக்கும் வரல" என்றாள். பிறகு அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டு, "நெத்தி ஏறின நெத்தி" என்றாள். "ஒங்க நெத்தி. முடி கொஞ்சமாத்தான் இருக்கும். ரிப்பன் நிக்காது, ஒரு பக்கம் எறங்கிக் கெடக்கும்."

கரி சுவரில் ஓடிற்று.

"கன்னம் வேண்டாம். ஒட்டியிருக்கட்டும். கழுத்தெலும்பு தெரியும். வெயில்ல நின்னா எடது கண்ண மட்டும் சுருக்குவா. பல்லு முன்னால ஒண்ணு விழுந்துருக்கும். இல்ல, அது பெறகு. நாலு வயசுல பல்லு எல்லாம் இருந்துச்சு. ஒதடு வெடிச்சிருக்கும். நாக்கால தடவிக்கிட்டே இருப்பா."

அவள் சொல்லச் சொல்ல அவர் வரைந்தார். சில இடத்தில் துண்டால் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தார். மாநிறத்துக்கு வர்ணம் கலக்கி, "சரியா இருக்கா?" என்று பிரஷ்ஷைக் காட்டுவார். "இன்னும் கறுக்கணும்" என்பாள். மத்தியானம் தாண்டி, மலைப்பக்கம் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தபோது, மீசைக்காரனின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு ஒல்லிப் பிள்ளை சுவரில் நின்றது. கறுத்த பிள்ளை. சிரிக்கவில்லை. ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தது.

சுந்தரபாண்டியன் மொபெட்டில் வந்து இறங்கினார். சுவரைப் பார்த்தபடியே வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். அவருக்கு முத்துப்பேச்சியைத் தெரியும்.

"அண்ணாச்சி, எனக்குப் புரியுது. எந்தச் செவுருன்னாலும் விட்ருவேன். ஆனா இதைப் பாத்துத்தான் மத்த ஊரு செவுத்துலயெல்லாம் போடப் போறாக. வாரவுக கேப்பாகளே, ஏன் இந்தப் பிள்ளை ஊட்டமில்லாம இருக்குன்னு. மொகம் இதே மொகமா இருக்கட்டும். கன்னத்த மட்டும் செத்த ரொப்பிருங்க. கலரைக் கொஞ்சம் தூக்கிருங்க. சிரிப்பும் வேணும்."

"சரி தம்பி" என்றார் பால்ச்சாமி. பதினேழு வருஷமாகச் சொல்லிப் பழகிய சொல். கை தானாக ரோஸ் கலர் டப்பாவுக்குப் போயிற்று. பிரஷ்ஷை முக்கி எடுத்து, சாரத்தில் கால் வைத்தார்.

சண்முகத்தாய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்."

"அக்கா..."

"வேற ஆள விட்டுச் செஞ்சுக்கிடுங்க தம்பி. இவுக கையால வேண்டாம்."

அவள் பிடி ஒன்றும் இறுக்கமாக இல்லை. உதறினால் விடுபட்டிருக்கும். பால்ச்சாமி உதறவில்லை. பிரஷ் நுனியிலிருந்து ரோஸ் வர்ணம் அவர் வேட்டியில் சொட்டியது. கடைசியில் அவர் குனிந்து, அதை மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டார்.

சுந்தரபாண்டியன் செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். "நாளைக்கு ஆள் கூட்டிட்டு வாரேன். என்மேல வருத்தம் வச்சுக்கிடாதீக" என்றார்.

"வருத்தம் என்ன. இன்னைக்கு ஒரு பொழுது நிக்கட்டும்" என்றாள் சண்முகத்தாய்.

அவர் போன பிறகு டப்பாக்களை மூடிச் சாக்கில் கட்டிக்கொண்டு இருவரும் ரோட்டைக் கடந்து பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தார்கள். தூறல் போட்டது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலைக் குன்றுக்குப் போய்ப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வந்த கூட்டம் ஒன்று பஸ்ஸுக்கு நின்றது. அதில் ஒருத்தி, மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவள், எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்முகத்தாயின் பக்கம் திரும்பி, "போன மாசம் வந்தப்போ வேற படம்லா இருந்துச்சு. இது நம்ம தெருப் பிள்ளை மாதிரியே இருக்கு. நெசமாவே இருக்க பிள்ளையோ?" என்றாள்.

"எம் மக" என்றாள் சண்முகத்தாய்.

"அப்படியா! நல்ல கண்ணு. இப்ப என்ன படிக்கா?"

"செத்துப்போயிட்டா."

அந்தச் சொல்லை அவள் வாய் அன்றைக்குத்தான் சொன்னது. சொன்ன பிறகு அது காதில் விழுந்தது. அந்தப் பெண் தன் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, காலியான கையால் சண்முகத்தாயின் தோளைப் பிடித்தாள்.

"ஐயோ தாயி. பேரு என்ன?"

முத்துப்பேச்சி என்று சொல்லத்தான் சண்முகத்தாய் வாயைத் திறந்தாள். முதல் எழுத்து வந்தது. அதற்குப் பிறகு வந்தது பேர் இல்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. பால்ச்சாமி சாக்கை அப்படியே கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்தார்.

ராஜபாளையம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு விசில் ஊதினான்.